பிறந்த மாதக் கல்லும் நம் பிள்ளைகளின் கழுத்தும்



போன தவணையில் தரம் 8 பிள்ளை ஒருவரின் உம்மாவைப் பாடசாலைக்கு அழைத்திருந்தோம். கெட்டிக்காரப் பிள்ளை, புள்ளிகள் திடீரென்று இறங்கிவிட்டன. பலகையில் எழுதுவதைப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதுகிறது. கண்ணைக் காட்டிப் பாருங்கள் என்று சொல்லத்தான் கூப்பிட்டோம்.

"அதுக்குத்தான் டீச்சர் மாலை ஒண்டு வாங்கிக் குடுத்திருக்கிறோம். மே மாசம் பிறந்த பிள்ளைக்கு பச்சைக்கல்லாம். கண்ணுக்கும் நல்லமாம், ஞாபகசக்தியும் கூடுமாம்" என்றார் உம்மா.

பர்தாவுக்குள்ளே இருந்தது. வெள்ளிச் செயினில் ஒரு பச்சைக் கல். பேஸ்புக்கில் பார்த்து ஓடர் பண்ணியது, 18,500 ரூபா. விற்றவரும் நம்மவர்தான்.

அந்த உம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பிள்ளைக்கு ஏதோ ஆகிறதே என்று தவிக்கிறவர் எதையும் நம்புவார். நமது பேச்சு விற்கிறவர்களோடுதான். அக்குறணையிலிருந்து கண்டி டவுன் வரைக்கும் இப்போது எத்தனை பக்கங்கள்! ஜனவரிக்குக் கார்னட், பொறுமை. செப்டெம்பருக்கு நீலக்கல், ஞானம். கீழே 'இன்பொக்ஸ் பண்ணுங்க'. மேலே பிஸ்மில்லாஹ்.

இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது? கல்லையும் மாதத்தையும் இணைக்கும் பழக்கம் ஐரோப்பாவில் பழையதுதான். ஆனால் இன்று எல்லோரும் பகிரும் பட்டியல் 1912இல் அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் நகை வியாபாரிகளின் சங்கம் கூடி ஒழுங்குபடுத்தியது. 1952இல் டிசம்பருக்குச் சேர்கொன் வந்தது. தன்சானியாவில் 1967இல் கண்டெடுக்கப்பட்ட தன்சனைட் 2002இல் அதே டிசம்பருக்குச் சேர்ந்தது. ஓகஸ்டுக்கு 2016இல் ஸ்பினெல். டிசம்பரில் பிறந்தவர்களின் குணம் 2002இல் மாறியதா? விற்பதற்குக் கல் கூடியது, அவ்வளவுதான்.

நம் இந்து அயலவர்களின் நவரத்தின முறை வேறு. அங்கே கல் மாதத்துக்கல்ல, கிரகத்துக்கு. நீலம் சனியின் கல் என்பதால் பலர் அதை அணியவே பயப்படுவார்கள். அது அவர்களுடைய மரபு. நம்மவர்களின் பக்கங்களிலோ இரண்டையும் கலந்து, அதன்மேல் ஒரு துஆவையும் போட்டு விற்கிறார்கள்.

ஹஜருல் அஸ்வத் கல்லை முத்தமிட்டபோது உமர் (ரழி) அவர்கள் சொன்னதை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம்! அது நன்மையோ தீமையோ செய்ய முடியாத கல் என்று தெரிந்தேதான், நபி (ஸல்) அவர்கள் முத்தமிட்டதைக் கண்டதற்காகவே தாமும் முத்தமிட்டார்கள். கஃபாவில் உள்ள கல்லைப் பற்றியே அப்படி. அப்படியிருக்க கூரியரில் வரும் கல் நம் பிள்ளைக்கு ஞாபகசக்தி தருமா?

அதற்காகக் கல் அணிவதே கூடாது என்று யாரும் பாய வேண்டாம். நபி (ஸல்) அவர்களின் வெள்ளி மோதிரத்தில் அபிசீனியக் கல் பதித்திருந்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. சூரா அர்ரஹ்மானில் யாகூத்தும் மர்ஜானும் அழகுக்கு உவமையாக வருகின்றன. நமது தீவையே அரபிகள் யாகூத் தீவு என்று அழைத்தார்கள். 1344இல் இங்கே வந்த இப்னு பதூதா, இந்நாட்டுப் பெண்கள் பல நிறக் கற்களாலான மாலைகள் அணிந்திருந்ததை எழுதிவைத்திருக்கிறார். அழகுக்காகப் போடுங்கள், தாராளமாக.

இப்னு பதூதாவுக்கும் முந்நூறு வருடம் முன்பு வாழ்ந்தவர் அல்பிரூனி. மரகதத்தைக் கண்டால் பாம்பின் கண் உருகிப் போகும் என்று அப்போது படித்தவர்களும் நம்பினார்கள். அவர் மரகத மாலையைப் பாம்பின் மேலேயே போட்டார், முன்னே ஆட்டிக் காட்டினார், சூட்டிலும் குளிரிலும் ஒன்பது மாதம் பரீட்சித்தார். பாம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை இரத்தினக்கற்களைப் பற்றிய தன் கிதாபிலேயே எழுதினார். ஆயிரம் வருடத்துக்கு முன் நம்மவர் ஒருவர் செய்த வேலை இது. விஞ்ஞானப் பாடத்தில் இதைச் சொன்னால் பிள்ளைகள் கண் விரிக்கிறார்கள்.

பேருவளை சீனன்கோட்டையிலும் இரத்தினபுரியிலும் நம்மவர்கள் பேர் வாங்கியது கல்லைப் பார்க்கும் கண்ணால்தான். கெவுட கதை தெரியுமல்லவா? பால்போல மங்கிக் கிடந்த கல்லை நாம் பெறுமதியில்லை என்று ஒதுக்கினோம். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை மலிவாக வாங்கிப்போய்ச் சூடேற்றி நீலக்கல்லாக்கினார்கள். பிறகுதான் நாமும் கற்றுக்கொண்டோம். அதிர்ஷ்டம் கல்லுக்குள் இருக்கவில்லை, அடுப்புக்குப் பக்கத்தில் நின்றவனின் தலைக்குள் இருந்தது.

ஆகவே விற்கும் சகோதரர்களே, கல்லைக் கல்லாக விற்றுவிடுங்கள். என்ன கல், எத்தனை கரட், சூடேற்றியதா இல்லையா, மண்ணிலிருந்து வந்ததா ஆய்வுகூடத்தில் செய்ததா என்று எழுதுங்கள். செயற்கை நீலக்கல் நூறு வருடத்துக்கு மேலாகச் சந்தையில் இருக்கிறது, வெறும் கண்ணால் பிரித்தறிய முடியாது. குறையை மறைத்து விற்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

வாங்கும் உம்மாமாரே, மாதம் பார்க்காமல் பிள்ளைக்குப் பிடித்த நிறத்தைப் பாருங்கள். தினமும் போடுவதென்றால் நீலக்கல் உறுதியானது, வைரத்துக்கு அடுத்த கடினம். கார்னட்டும் தாங்கும், விலையும் குறைவு. முத்தும் சந்திரகாந்தக் கல்லும் மென்மையானவை. மோதிரத்தில் அடிபடும், மாலையில் ஓரளவு தப்பும், ஆனால் சென்ட் படக்கூடாது. மரகதம் எளிதில் வெடிக்கும், நம் நாட்டில் தோண்டுவதுமில்லை. விலை கூடிய கல் என்றால் பில்லும் பரிசோதனைச் சான்றிதழும் கேளுங்கள். இரத்தினக்கல் வியாபாரத்துக்கு தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதையும் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

அந்தப் பச்சைக் கல்லை விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டினார்களாம். கண்ணாடி என்று சொல்லிவிட்டார். விற்றவரின் நம்பர் இப்போது வேலை செய்வதில்லை. பிள்ளைக்குத் தேவைப்பட்டதும் கண்ணாடிதான், ஆனால் வேறு கண்ணாடி. கண்டி ஆஸ்பத்திரியில் கண் பார்த்து, போன மாதம் அது கிடைத்தது. இப்போது மூன்றாவது வரிசையில் இருந்தே பலகையைப் பார்த்து எழுதுகிறது.

மாலையை வீட்டில் இன்னும் போடுகிறதாம். பச்சை நிறம் பிடிக்குமாம்.