ஓடைக்கு வழி விட்ட ஊர்

அமெரிக்காவில் தெற்கு டகோட்டா என்று ஒரு மாநிலம். அங்கே பிளாக் ஹில்ஸ் மலைகள் முடிந்து, பரந்த புல்வெளி தொடங்கும் இடத்தில் ஒரு சிறு நகரம் இருக்கிறது. அதன் பெயர் ராப்பிட் சிட்டி. 2020-ம் ஆண்டுக் கணக்குப்படி, ஜனத்தொகை சுமார் 75 ஆயிரம்.

ஊரின் நடுவே ஓடும் ராப்பிட் ஓடைதான் அதற்குப் பெயர் கொடுத்தது. 'ராப்பிட்' என்றால் வேகம். அந்த மண்ணின் பழங்குடிகளான லக்கோட்டா மக்களும் அதை 'வேகமாக ஓடும் நீர்' என்றே அழைத்தார்கள். 1876-ல் தங்கம் தேடி வந்தவர்கள் அதன் கரையில் ஊரை அமைத்தார்கள். இன்றும் ஊரின் குடிநீரில் ஒரு பகுதியைத் தருவது அந்த ஓடைதான்.

தண்ணீர் அருகில் இருந்தால் யாருக்குத்தான் ஆசை வராது? கரையை ஒட்டி வீடுகள் எழுந்தன. கடைகள் எழுந்தன. மலையில் பேக்டோலா என்ற பெரிய அணையும் 1956-ல் கட்டி முடிந்தது. அணை இருக்கும்போது பயம் எதற்கு?

அந்த ஒரு இரவு

1972-ம் ஆண்டு ஜூன் 9-ந் தேதி மாலை பெருமழை கொட்டியது. சில இடங்களில் 6 மணி நேரத்தில் 15 அங்குலம்! ஆனால் மழையின் பெரும்பகுதி அணைக்குக் கீழே பெய்தது. அணையால் என்ன செய்ய முடியும்? ஊருக்குள் இருந்த கேன்யன் ஏரியின் கரையும் உடைந்தது. 238 பேர் மாண்டனர். 1,335 வீடுகள் அழிந்தன.

குற்றம் யாருடையது?

ஓடை தன் பழைய வழியில்தான் வந்தது. அந்த வழியில் மனிதன் வீடு கட்டியிருந்தான்.

ராப்பிட் சிட்டி மக்கள் இதைப் புரிந்து கொண்டார்கள். வெள்ளம் பாயும் நிலத்தில் மீண்டும் வீடு கட்டுவதில்லை என்று தீர்மானித்தார்கள். கரையில் இருந்தவர்களுக்குப் பணம் கொடுத்து, வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். பிறந்து வளர்ந்த இடத்தை விட்டுப் போவது லேசான காரியமா? ஆனாலும் போனார்கள். அங்கே இப்போது பூங்காக்கள் இருக்கின்றன. சைக்கிள் பாதை இருக்கிறது. ஓடையில் மீன் பிடிக்கிறார்கள்.

ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த இரவைக் கண்ணால் கண்டவர்கள் குறைந்து வருகிறார்கள். "ஊர் நடுவே இவ்வளவு நிலம் சும்மா கிடக்கிறதே!" என்று எண்ணுவது சுலபம். அந்த எண்ணம்தான் ஆபத்து. அது சும்மா கிடக்கும் நிலம் அல்ல. அடுத்த வெள்ளத்துக்காக ஒதுக்கி வைத்த வழி.

தாகத்துக்கு ஓடை வேண்டும் என்றால், அது பெருகும் நாளில் ஓட இடமும் வேண்டும். அந்த இடத்தை விட்டுக் கொடுப்பது நஷ்டம் அல்ல. பிள்ளைகளுக்குச் சேர்த்து வைக்கும் சொத்து.