எண்ணிக்கையே குற்றமாகுமோ?

முல்லைத்தீவு மாவட்டத்திலே நந்திக்கடலோரமாக அமைந்த வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் வைகாசித் திங்களிற் பொங்கல் நிகழ்கின்றது. கடல்நீரில் விளக்கெரியும் அவ்விழாவுக்கு வன்னியின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் திரள்வர். மதுரையை எரித்தபின் ஈழம் வந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடம் அதுவென்பது அம்மக்களின் ஐதிகம். அவர்கள் தெய்வமாகப் போற்றும் அப்பெண்ணின் கதை, ஐயத்தின் பேரில், விசாரணையின்றி, ஒருவன் தண்டிக்கப்பட்ட கதையாகும். அரசியின் சிலம்பு களவுபோனது மெய். அதனை ஒத்த சிலம்பு கோவலன் கையில் இருந்ததும் மெய். இவ்விரண்டையும் பொருத்திப் பார்த்தவர்கள், அது எவருடைய சிலம்பு என்று மட்டும் கேட்கவில்லை. தோற்றத்தின் ஒற்றுமையே குற்றத்தின் சான்றாயிற்று.

அக்கதையை ஈண்டு நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. கைத்தொலைபேசியிற் செய்தி பரிமாற உதவும் சேவைகள், 'ஸ்பாம்' எனப்படும் வேண்டாச் செய்திகளை மொத்தமாக அனுப்புவோர் என்று தாம் ஐயுறுவோரின் கணக்குகளை முடக்கிவிடுகின்றன. முடக்கப்படுவோருள் மோசடிக்காரரே மிகப் பலராயிருத்தல் கூடும். ஆயினும் அவர்களோடு சேர்ந்து குற்றமற்றோரும் வாயடைக்கப்படுகின்றனர். அக்குற்றமற்றோருக்கு நாம் என்ன நீதி வைத்திருக்கின்றோம் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. பெருநகர வாசி ஒருவருக்கு இது அரைநாள் தொல்லையாக முடியலாம். வன்னிப் பெருநிலப்பரப்பிலோ இதன் பொருள் வேறு.

வேண்டாச் செய்தியை ஒடுக்குதல் தவறென்பது எமது வாதமன்று. 1978 மே 3ஆம் திகதி அமெரிக்காவிலே கணினி விற்பனை அலுவலர் ஒருவர், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெற் வலையமைப்பிலிருந்த ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை ஒருங்கே அனுப்பினார். அன்று அது வெறும் எரிச்சலாகவே இருந்தது. இன்றோ, பரிசு விழுந்ததாகவும் வெளிநாட்டு வேலை வாய்த்ததாகவும் கூறும் பொய்ச் செய்திகளால் ஏழைகள் தம் சேமிப்பை இழக்கின்றனர். 2018இல் இந்தியாவின் பல மாநிலங்களிலே, பிள்ளை பிடிப்போர் பற்றிய வதந்தி கைத்தொலைபேசிகளிற் பரவியதன் விளைவாக அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனையில் முஸ்லிம் மக்களுக்கெதிரான வன்செயல் மூண்டபோது வெறுப்புரைகள் சமூக ஊடகங்களின் வழியே பரவின. அரசு முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றைச் சில நாட்கள் நாடெங்கும் முடக்கியது. ஆகவே காவல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. காவலன் எவ்வாறு காக்கின்றான் என்பதையே நாம் நோக்குதல் வேண்டும்.

வட்ஸ்அப் சேவையிற் செல்லும் தனிப்பட்ட செய்திகள் 2016 ஏப்பிரல் முதல் மறைகுறியாக்கப்பட்டே செல்கின்றன. பெற்றவர் முறையிட்டாலன்றி, அவற்றைக் கம்பனியும் வாசித்தல் இயலாது. இது போற்றத்தக்க ஏற்பாடே. ஆனால் அதன் விளைவொன்று மனங்கொள்ளத்தக்கது. செய்தியின் பொருளை அறியாத பொறி, ஒருவரை ஐயுறுவதற்கு அவரது நடத்தையையே நம்பவேண்டியுள்ளது. எத்தனை பேருக்கு அனுப்பினார், எவ்வளவு விரைவாக அனுப்பினார், கணக்குத் தொடங்கி எவ்வளவு காலம், பெற்றோருள் எத்தனை பேர் அவரைத் தடுத்தனர் என்பனவே சான்றுகள். 2019 பெப்ரவரியில் அக்கம்பனி வெளியிட்ட அறிக்கையொன்று, பதிவுசெய்து ஐந்து நிமிடங்களுள், பதினைந்து வினாடியில் நூறு செய்திகளை அனுப்ப முயலும் கணக்கை எடுத்துக்காட்டாகக் கூறிற்று. அத்தகைய கணக்கை ஐயுறுவதை எவரும் மறுக்கார். ஆயின் அந்த நூறுக்கும் நம் அன்றாட வாழ்வின் பத்துக்கும் இடையில் எல்லை எங்கே இடப்பட்டுள்ளது என்பதை வெளியார் எவரும் அறியார். ஒருவன் என்ன சொன்னான் என்பதை அறியாமலே, எத்தனை பேரிடம் சொன்னான் என்பது கொண்டு அவனைக் குற்றவாளியாக்கும் நீதிமுறை இது.

இனி இம்முறையை வன்னியிற் பொருத்திப் பார்ப்போம். இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் விதைக்கும் கமக்காரர் அமைப்பொன்றின் செயலாளரை எண்ணிக்கொள்க. வாய்க்காலில் நீர் விடும் நாளை அவர் இருநூறு குடும்பங்களுக்கு அறிவித்தல் வேண்டும். பழைய கைத்தொலைபேசி பழுதாகிவிட்டது. புதிய சிம் வாங்கியுள்ளார். பெறுவோருட் பலர் அவ்விலக்கத்தைப் பதிந்து வைத்திருக்கவில்லை. வாசகமோ எல்லார்க்கும் ஒன்றே. புதிய கணக்கு, அறியா இலக்கங்கள், ஒரே வாசகம், பெருந்தொகை என இந்நான்கும் சேர்ந்தபோது, பொறியின் கண்ணுக்கு அக்கமக்காரர் மோசடிக்காரனின் அச்சாகத் தோன்றுகின்றார். சிலம்பும் சிலம்பும் ஒத்துவிட்டன.

இது கற்பனை எடுத்துக்காட்டே. ஆனால் இதில் வரும் நடத்தை கற்பனையன்று. வன்னியில் ஒரு மரணம் நிகழின், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பரிசிலும் சிதறி வாழும் உறவினர்க்கெல்லாம் ஒரே இரவில் மரண அறிவித்தல் செல்லவேண்டும். 2018 டிசெம்பர் பிற்பகுதியிற் பெருமழை பெய்து, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் தாழ்நிலங்கள் வெள்ளத்தில் ஆழ்ந்ததை நாம் அறிவோம். அத்தகைய வேளையில் ஊர் இளைஞன் ஒருவன் மெதுவாகவும் சிலருக்கு மட்டுமாகவும் எச்சரிக்கை அனுப்புதல் தகுமோ? 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சிக் கந்தசாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். தன் மகனின் படத்தை முன்பின் அறியாதார்க்கெல்லாம் அனுப்பி, கண்டீர்களோ என்று கேட்கும் தாயை எந்த அட்டவணையிற் சேர்ப்பது? அறியாதாரிடம் கேட்பதன்றி அவளுக்கு வேறு வழியேது? நெருக்கடி வாழ்வின் இயல்பான நடத்தை அனைத்தும் இப்பொறியின் அளவுகோலிற் குற்றத்தின் சாயலைப் பெறுகின்றது.

தவறு அரிதாகவே நிகழும் என்று சிலர் கூறுவர். அதே 2019 அறிக்கையின்படி, உலகெங்கும் திங்கள்தோறும் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகள் முடக்கப்பட்டன. அவற்றுள் முக்காற்பங்குக்கு மேற்பட்டவை, பயனர் எவரும் அண்மையில் முறையிடாமலே முடக்கப்பட்டவை. இந்தியாவிலே 2021ஆம் ஆண்டின் புதிய விதிகளின்கீழ் வெளிவந்த முதல் அறிக்கை, மே 15 முதல் ஜூன் 15 வரையான ஒரு திங்களில் அந்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 20 இலட்சம் கணக்குகள் முடக்கப்பட்டதாகக் கூறிற்று. பொறி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாகவே தீர்க்கும் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சும் ஒன்று, இருபது இலட்சத்தில் 20,000 பேர். அது ஒரு சிறு நகரம். முடக்கியவை இவ்வளவாக, அதே காலத்தில் அங்குள்ள குறைதீர் அலுவலரிடம் வந்த முறைப்பாடுகள் மொத்தம் 345. நடவடிக்கை எடுக்கப்பட்ட கணக்குகள் 63. பொறி இலட்சக்கணக்கில் தீர்ப்பளிக்க, அலுவலரின் வாயிலை அடைந்தோர் சில நூற்றுவர் மட்டுமே. இவ்வளவேனும் நமக்குத் தெரியவந்தது, அந்நாட்டின் விதி அக்கணக்கை வெளியிடுமாறு கட்டாயப்படுத்தியதனாலேயே.

ஐயத்தின் கீழ் வாழ்தல் என்றால் என்ன என்பதை வன்னி மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மின்கலங்கள் வன்னிக்குள் வரத் தடையிருந்தது. வெடிபொருளுக்கு உதவலாம் என்ற ஐயத்தால், வானொலி கேட்க விரும்பிய முதியவருக்கும் மின்கலம் மறுக்கப்பட்டது. மக்கள் மிதிவண்டித் தைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டனர். வன்னியிலிருந்து வவுனியாவுக்கு வந்தவர்கள் 'பாஸ்' இன்றி நடமாட இயலாதிருந்தது. அவ்வொடுக்குமுறையையும் ஒரு கம்பனியின் தடையையும் ஒரு தட்டில் வைத்தல் நேர்மையன்று. அங்கே துப்பாக்கி நின்றது. இங்கே அடைபடுவது ஒரு கணக்கு. ஆயினும் ஒரு வேறுபாடு கருதற்பாலது. பாஸ் வழங்கும் இடத்தில் ஒரு மனிதன் இருந்தான். அவனிடம் வாதிடலாம், மன்றாடலாம். அவனுக்கு மேல் நீதிமன்றமும் இருந்தது. வவுனியா சிதம்பரபுரம் முகாமிலிருந்த ஒருவர் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், பாஸ் கட்டுப்பாடு அவரது நடமாட்டச் சுதந்திரத்தை மீறியதென 2002இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொறியின் தீர்ப்புக்கு எதிராக நம் கமக்காரர் எந்த மன்றத்தின் படியேறுவார்? அவர் காண்பது ஓர் அறிவித்தலும் மீளாய்வு கோரும் ஒரு பொத்தானும் மட்டுமே. எச்செயலுக்காகத் தடை என்பது அதில் இராது. குற்றச்சாட்டை அறியாதவன் எதனை மறுப்பான்?

இதற்கு எதிராக மூன்று நியாயங்கள் கூறப்படுவதுண்டு. முதலாவது, சேவை கம்பனியின் சொத்து, விரும்பியோரை அது விலக்கலாம் என்பது. ஒரு கடைக்காரன் இவ்வாறு கூறலாம். ஆனால் பாடசாலை அறிவித்தலும் மருத்துவர் வரும் நாளும் வெளிநாட்டு மகனின் குரலும் ஒரே வழியால் வரும்போது, அவ்வழி கடையன்று, அது தெரு. தெருவை எவர் அமைத்தாராயினும், அதில் நடப்போருக்கு உரிமை பிறந்துவிடுகின்றது. இரண்டாவது, வேறு சேவையை நாடலாம் என்பது. தான் மட்டும் இடம்பெயர்ந்து பயனென்ன? இருநூறு குடும்பங்களும் உடன் வருதல் வேண்டுமன்றோ! மூன்றாவது, காரணம் சொன்னால் மோசடிக்காரன் தப்பும் வழியைக் கற்றுக்கொள்வான் என்பது. இதில் ஓரளவு உண்மையுண்டு. ஆனால் நுணுக்கமான அளவுகோலை மறைப்பது வேறு. இன்ன நாளில் இன்ன செயலுக்காக என்று சொல்வது வேறு. திருடன் கற்றுக்கொள்வான் என்றஞ்சி, குற்றச்சாட்டை மறைத்து விசாரிக்கும் நீதிமன்றத்தை நாம் ஏற்பதில்லை.

மேலும், முற்றாக முடக்குவது மட்டுமே வழியன்று என்பதைக் கம்பனியின் செயலே காட்டுகின்றது. வதந்திக் கொலைகளின் பின்னர், ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப இயலாதவாறு 2018இல் இந்தியாவிலும் 2019 ஜனவரியில் உலகெங்கும் வட்ஸ்அப் வரம்பிட்டது. 2020 ஏப்பிரலில், பலமுறை முன்னனுப்பப்பட்ட செய்திகளை ஒரு முறையில் ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் என்று வரம்பை மேலும் இறுக்கியது. அதன்பின் அத்தகைய செய்திகளின் ஓட்டம் 70 வீதம் குறைந்ததாக அதுவே அறிவித்தது. அங்கே எவரும் குற்றவாளியாக்கப்படவில்லை. செயலின் வேகமே மட்டுப்படுத்தப்பட்டது. ஐயம் எழுந்த கணக்கையும் அவ்வாறே மெதுவாக்கலாம். புதியோருக்கு அனுப்புவதை நிறுத்திவைத்து, அறிந்தோருடன் பேச விடலாம். ஐயத்துக்கு வரம்பிடுதல் பொருந்தும். முழுத்தடை, நிறுவப்பட்ட குற்றத்துக்கே உரியது.

சட்டம் இதனை அறியாததன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022ஆம் ஆண்டு எண்ணியற் சேவைகள் சட்டம், இணையத் தளங்கள் பயனரைத் தடைசெய்யுமிடத்துக் காரணம் கூறவும், முறைப்பாட்டைப் பொறியிடம் மட்டும் விட்டுவிடாது ஆராயவும் பணிக்கின்றது. நமது நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், முற்றிலும் பொறியினால் எடுக்கப்பட்டு ஒருவரது உரிமையைத் தொடர்ந்து பாதிக்கும் தீர்மானத்தை மீளாய்வு செய்யுமாறு கோரும் உரிமையை எழுத்தில் வைத்துள்ளது. ஆயின் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. மறுபுறம், 2024இல் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ பேச்சை நீக்குவதிலேயே கண்ணாயிருந்தது. வாயை அடைக்கும் சட்டம் விரைந்து வருகின்றது. அடைத்த வாயைத் திறக்கும் சட்டம் ஆறுதலாக வருகின்றது!

ஆகவே நாம் கேட்பன நான்கு. தடைசெய்யப்பட்டவருக்கு எச்செயலுக்காக என்பது தமிழிலும் சிங்களத்திலும் கூறப்படல் வேண்டும். குறித்த காலத்துள், அம்மொழி அறிந்த ஒரு மனிதர் அவரது மறுமொழியை வாசித்தல் வேண்டும். தீர்வு வரும்வரை அறிந்தோருடனான தொடர்பு துண்டிக்கப்படலாகாது. இலங்கையில் எத்தனை கணக்குகள் முடக்கப்பட்டன, எத்தனை மீட்கப்பட்டன என்பதும், இந்தியாவிற்போல, திங்கள்தோறும் வெளியிடப்படல் வேண்டும்.

நமது பக்கத்துக் குறையையும் மறைத்தலாகாது. பொது அலுவலகங்களும், ஏன், பல்கலைக்கழகத் துறைகளும், அறிவித்தற் பலகையைக் கைவிட்டு ஒரே கம்பனியின் குழுக்களுக்குள் குடிபுகுந்துள்ளன. அக்குழுவில் இல்லாதவன் விரிவுரை மாறியதையும் அறியான். பொதுக் கடமையைத் தனியார் பொறியிடம் ஒப்படைத்தவர்கள் நாமே. பலகையும் குறுஞ்செய்தியும் ஊர் ஒலிபெருக்கியும் மீண்டும் பயனுக்கு வரல் வேண்டும்.

வற்றாப்பளையிற் பொங்கலிடும் மக்கள், களவைத் தண்டித்ததற்காகப் பாண்டியனைப் பழிப்பதில்லை. கேளாது தண்டித்ததற்காகவே பழிக்கின்றனர். ஆயினும் அவனது கோட்டைக்கு ஒரு வாயில் இருந்தது. வாயிலில் நின்ற காவலன் கண்ணகியின் வருகையை உள்ளே அறிவித்தான். அரசனும் அவளை அழைத்துக் கேட்டான். தன் பிழையை உணர்ந்தான். நம் கமக்காரர் தட்டுவதற்கு அத்தகையதொரு வாயிலை அமைக்குமாறே கேட்கின்றோம். அடுத்த போகத்துக்கு நீர் திறக்குமுன் அது அமையட்டும்.