களிமண் மூளையா? ஜாதி மூளையா?



ஒரு பிள்ளைக்குக் கணக்கு வரவில்லையென்றால், “உன் தலையில் இருப்பது மூளையா, களிமண்ணா?” என்று வாத்தியார் கேட்பது நம் நாட்டு வழக்கம். அந்தப் பிள்ளை உழுகிறவன் வீட்டுப் பிள்ளையாகவோ, சேரிப் பிள்ளையாகவோ இருந்துவிட்டால் அதோடு விடுவதில்லை. “அவன் ஜாதி மூளை அவ்வளவுதான்” என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். முன்பு இதைத் தலையெழுத்து என்றார்கள். பூர்வ ஜென்மக் கர்மம் என்றார்கள். இப்பொழுது நாலெழுத்து படித்தவர்கள் “ஜீன்” என்கிறார்கள். பெயர் மாறிற்றே யொழியப் பித்தலாட்டம் மாறவில்லை.

ஆகவே மூளைக்குப் பிறவியால் வருவது எவ்வளவு, வளர்ப்பால் வருவது எவ்வளவு என்பதை விஞ்ஞானத்தையே கேட்போம். இதற்குச் சிம்பன்சிக் குரங்கையும் கூட வைத்துப் பார்க்க வேண்டும். ஏனெனில், மனிதனும் சிம்பன்சியும் சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்த பங்காளிகள். இதைச் சொன்னால் ஆஸ்திகர்களுக்குக் கோபம் வருகிறது. 2018-ல் மத்திய மந்திரியாயிருந்த சத்யபால் சிங், டார்வின் சொன்னது தப்பு, குரங்கு மனிதனானதை யாரும் பார்த்ததில்லை என்றார். மகாவிஷ்ணு பன்றியானதை மட்டும் யார் பார்த்தார்கள்? ஸ்ரீமுஷ்ணத்தில் அந்தப் பன்றி அவதாரத்தைப் பூவராகசாமி என்று கும்பிட வெட்கப்படாதவர்கள், குரங்கைப் பங்காளி என்பதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும்?

நிற்க, 2015-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக் கழகத்து அய்டா கோமெஸ்-ரோப்ளஸ் அம்மையாரும் அவருடைய கூட்டாளிகளும் 206 சிம்பன்சிகளின் மூளைப் படங்களையும், 218 மனிதர்களின் மூளைப் படங்களையும் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். இவற்றில் யாருக்கு யார் உறவு என்பது தெரியும். நெருங்கிய உறவினரின் மூளைகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று கணக்குப் பார்த்தால் பரம்பரையின் பங்கு விளங்கும்.

கண்டதென்ன? மூளையின் அளவு இரு சாராரிடத்தும் பெரும்பாலும் பரம்பரையைப் பொறுத்ததாகவே இருந்தது. ஆனால் மூளையின் மேற்புறத்து மடிப்புகளின் அமைப்பில் வித்தியாசம் தெரிந்தது. சிம்பன்சியிடம் இந்த மடிப்புகளைப் பரம்பரை இறுகப் பிடித்திருக்கிறது. மனிதனிடத்தில் அந்தப் பிடி தளர்ந்து, சூழ்நிலைக்கு இடம் விட்டிருக்கிறது. குட்டி போடும்போதே சிம்பன்சியின் மூளை, வளர்ந்த குரங்கின் மூளையில் நூற்றுக்குச் சுமார் 40 பங்கு இருக்கும். மனிதக் குழந்தைக்கோ சுமார் 30 பங்குதான். மீதி வளர்ச்சியெல்லாம் தாய் மடியிலும் தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் நடக்கிறது.

பரம்பரையே கிடையாது என்று நாம் சொல்ல வரவில்லை. மடிப்பைப் பார்த்து அறிவை அளந்துவிடலாம் என்றும் சொல்லவில்லை. அந்த ஆராய்ச்சி ஜாதியைப் பற்றி நடந்ததும் அல்ல. நாம் கேட்பது ஒன்றே. குரங்கைவிட மனிதனிடத்தில்தான் பிறவியின் பிடி தளர்ந்திருக்கிறதென்றால், மனிதனைப் பிறவியிலேயே கட்டிப் போடும் வருணாசிரம தர்மம் மனிதனுக்கு ஏற்பட்டதா, குரங்குக்கு ஏற்பட்டதா?

இது வெறும் வாய்ப்பேச்சுச் சங்கதியல்ல. 1953-ல் சென்னை ராஜ்யத்தில் ஆச்சாரியார் கொண்டுவந்த கல்வித் திட்டம், கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மற்ற நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்கச் சொல்லிற்று. சிரைப்பவன் மகன் சிரைக்கவும், வெளுப்பவன் மகன் வெளுக்கவும் வேண்டுமென்பதைத் தவிர இதற்கு அர்த்தம் என்ன? மக்கள் குலக்கல்வி என்று காறித் துப்பினார்கள். 1954-ல் காமராஜர் முதல் மந்திரியானதும் அது ஒழிந்தது. அன்று அது ஒழியாதிருந்தால் இன்று நம்மில் எத்தனை டாக்டர், எத்தனை எஞ்சினீர், எத்தனை வாத்தியார் இருப்பார்கள்?

ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம் பக்கத்தாருக்குக் களிமண்ணின் யோக்கியதையை நாம் சொல்லத் தேவையில்லை. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் களிமண்ணை அரைத்துப் பதம் பண்ணி, அச்சில் வார்த்து, சூளையில் சுட்டால்தான் அது பொம்மையாகிறது. பதமும் பண்ணாமல், சூளையும் காட்டாமல் மழையில் போட்டுவிட்டு, “இது மட்டமான மண்” என்று சொல்லுகிறவனைத் தொழில் தெரிந்தவன் என்போமா? ஆயிரக்கணக்கான வருஷமாக நம்மைப் படிக்கவிடாமல் வைத்துவிட்டு நமக்குப் புத்தியில்லை என்கிறவர்களும் அந்த ரகந்தான்.

ஆதலால், தோழர்களே, ஆணானாலும் பெண்ணானாலும் பிள்ளைகளுக்கு வயிறாரச் சோறு போடுங்கள், பள்ளிக்கூடத்திற்கு அனுப்புங்கள். ஜாதி மூளை என்று சொல்லுகிறவனைக் கண்டால், எந்தப் படத்தில் அதைப் பார்த்தாய் என்று கேளுங்கள்.