விசுவமடுக் கண்ணீரும் நமது தீர்ப்பும்

2018 ஜூன் மாதம் விசுவமடுவில் ஓர் இராணுவ அதிகாரியை மக்கள் மாலை சூட்டி, தோளில் சுமந்து, அழுது வழியனுப்பினார்கள். சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் அப்பகுதிப் பொறுப்பாளர் கேணல் ரத்னப்பிரிய பந்து இடமாற்றம் பெற்றுச் சென்ற நாள் அது. அழுதவர்கள் அத்திணைக்களத்தில் சம்பளம் பெற்றவர்கள்; முன்னாள் போராளிகளும் அவர்களில் இருந்தனர்.

படம் வெளிவந்ததுதான் தாமதம், தெற்கு அதை நல்லிணக்கம் என்றது. நம்மவர் துரோகம் என்றனர். சற்றுப் படித்தவர்கள் 'ஸ்டொக்ஹோம் மனநிலை' என்று முடித்துக்கொண்டனர். (1973இல் அந்த வங்கியில் பணயமாயிருந்த பெண், கொள்ளையரைவிடப் பொலிஸாருக்கே அதிகம் அஞ்சியதாகச் சொன்னார். அதை இவர்கள் சொல்வதில்லை.)

கூட்டத்தின் கண்ணீர் ஒரே கண்ணீர் அன்று. மாதம் தவறாமல் சம்பளம் தந்தவருக்கு நன்றி. அடுத்து வருபவர் எப்படிப்பட்டவரோ என்ற அச்சம். பக்கத்தில் நிற்பவள் அழுகையில் நான் அழாதிருந்தால் யார் கவனிப்பார்களோ என்ற கணக்கு. மூன்றும் ஒருத்தியின் நெஞ்சிலேயே இருக்கலாம். பிரித்துச் சொல்ல அவளுக்கே இயலாதிருக்கலாம். சம்பளப் பட்டியல் படையினர் கையில் இருக்கும் ஊரில், வெறும் படத்தைப் பார்த்து அதைப் பிரிக்க நாம் யார்?

2009க்குப் பின் தடுப்பிலிருந்து மீண்டவளின் வீட்டுக்குப் போனால் புலனாய்வாளர் நம் வீட்டுக்கும் வருவர் என்று ஒதுங்கியவர்கள் யார்? அவளுக்கு வேலை கொடுக்கத் தயங்கியவர்கள் யார்? 'துரோகி' என்று எழுதிய நண்பர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் மாகாணசபையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.