தள்ளுபடி: ஒரு சொல், பல கணக்குகள்

ஆடி பிறந்துவிட்டால் நாளிதழ்களின் முதல் பக்கத்தைத் 'தள்ளுபடி' என்ற சொல் பிடித்துக்கொள்கிறது. உள்ளே புரட்டினால் நீதிமன்றம் ஒரு மனுவைத் தள்ளுபடி செய்திருக்கும். பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்யக் கோரி விவசாயிகள் ஆர்ப்பாட்டம் நடத்தியிருப்பார்கள். செல்லுபடி, கட்டுபடி போன்ற சொற்களின் வரிசையில் வரும் இச்சொல், 'ஒதுக்கித் தள்ளுவது' என்ற ஒரே கருத்திலிருந்து இத்தனை கிளைகள் விட்டிருக்கிறது. பணம் தொடர்பான இடங்களில் இந்த நெகிழ்வு தெளிவின்மைக்கு வழிவகுக்கிறது என்பதே என் கவலை.

முதலில் கடைவீதி. '50 சதவீதம் வரை' என்ற அறிவிப்பில் 'வரை' மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும். '50 சதவீதத்துக்கு மேல் மேலும் 20 சதவீதம்' என்றால் பலர் 70 எனக் கூட்டிக்கொள்கிறார்கள். 1,000 ரூபாய்ப் பொருள் முதலில் 500 ஆகி, பிறகு 400 ஆகிறது. உண்மையான கழிவு 60 சதவீதம்தான். அதிகபட்சச் சில்லறை விலை என்பதும் ஓர் உச்சவரம்பே. அதற்குமேல் விற்கக் கூடாது என்கிறது சட்டம். ஆனால், பெரும்பாலான பொருள்களுக்கு அந்த விலையை எவ்வளவு உயர்த்தி அச்சிடலாம் என்பதற்கு வரம்பில்லை. உயர்த்தி அச்சிட்ட விலையிலிருந்து குறைப்பதைச் சலுகை என்று எப்படிச் சொல்வது?

இதைவிடப் பெரிய குழப்பம் வங்கிக் கடனில் நேர்கிறது. தமிழக அரசு 2016-லும் 2021-லும் கூட்டுறவுப் பயிர்க்கடன்களை ரத்து செய்தது. அங்கே கடன்பட்டவரின் பொறுப்பு நீங்கியது; அந்தச் சுமையை அரசுக் கருவூலம், அதாவது வரி செலுத்துவோர் ஏற்றார்கள். வாராக் கடனை வங்கி தன் கணக்குப் புத்தகத்திலிருந்து நீக்குவது வேறு நடவடிக்கை. அதில் கடன்பட்டவரின் பொறுப்பு நீங்குவதில்லை. வசூல் நடவடிக்கை தொடர வேண்டும். நாம் இரண்டையும் 'கடன் தள்ளுபடி' என்றே எழுதுகிறோம், பேசுகிறோம்.

இதனால் விளையும் கேடு சிறிதல்ல. பெருநிறுவனத்தின் கடன் மன்னிக்கப்பட்டுவிட்டது என்று நம்பும் குடிமகன் கோபப்படுவார். ஆனால், 'நீக்கிய கடனில் எவ்வளவு வசூலித்தீர்கள்?' என்று வங்கியைக் கேட்கமாட்டார். மன்னித்த கடனில் வசூல் ஏது என்று இருந்துவிடுவார். வசூலில் மெத்தனம் காட்டும் வங்கிக்கு இதைவிட வசதி வேறில்லை. பொதுத்துறை வங்கியில் திரும்பி வராத ஒவ்வொரு ரூபாயின் இழப்பும் இறுதியில் மக்களையே சேர்கிறது.

ஆகவே, கடன் ரத்தாகும்போது மட்டும் 'கடன் தள்ளுபடி' என்றும், மற்றதைக் 'கணக்கு நீக்கம்' என்றும் ஊடகங்கள் பிரித்து எழுதலாம். கணக்கு நீக்கம் பற்றிய செய்தி வரும்போதெல்லாம், வசூலான தொகையையும் அருகிலேயே வெளியிடுமாறு வங்கிகளைக் கேட்பது வாசகரின் உரிமை.