ஆண்ட்ராய்டு டூ ஐபோன்: கல்வராயன் மலை ஏறுவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள் என்னென்ன?

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை. கையில் நாலு வருடப் பழைய ஆண்ட்ராய்டு போன். போனஸ் வந்ததும் இஎம்ஐ-யில் ஒரு ஐபோன் வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலேயே ஊருக்கு பஸ் ஏறுகிறார் ஒருவர். கள்ளக்குறிச்சியில் இறங்கி, கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி, வெள்ளிமலை போகும் மலைப்பாதையில் பயணம். வீட்டுக்குப் போய் நிதானமா மாத்திக்கலாம் என்பது திட்டம். ராத்திரி புது போனில் யுபிஐ செயலியைத் திறந்தால், எஸ்எம்எஸ் போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பழைய போனையோ ஏற்கெனவே ரீசெட் பண்ணியாச்சு!

இது ஓர் உதாரணம்தான். ஆனால், இயங்குதளம் மாறும் யாருக்கும் இது நடக்கலாம். சிக்னல் குறைந்த மலைக் கிராமத்தில் நடக்க வாய்ப்பு இன்னும் அதிகம். ஏன்? தப்பிப்பது எப்படி?

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

இந்தியாவில் பயன்பாட்டில் இருக்கும் ஸ்மார்ட்போன்களில் சுமார் 95 சதவீதம் ஆண்ட்ராய்டு. ஐபோன் ஸ்ரீபெரும்புதூரிலேயே தயாரானாலும், நம்மில் பெரும்பாலானோரின் முதல் ஸ்மார்ட்போன் ஆண்ட்ராய்டுதான். அதனால் ஐபோன் வாங்குவது என்றாலே பலருக்கும் இயங்குதளம் மாறுவது என்றுதான் அர்த்தம்.

2025 டிசம்பரில், ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதை எளிதாக்க ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து வேலை செய்வதாகத் தகவல் வெளியானது. ஆண்ட்ராய்டின் சோதனைப் பதிப்பில் இதற்கான வேலைகள் தொடங்கின. எதிரும் புதிருமாக இருந்த இரண்டு நிறுவனங்கள் இதில் கைகோப்பது பெரிய விஷயம். ஆனால், அவர்கள் எளிதாக்கப் போவது போட்டோ, மெசேஜ் போன்றவற்றின் பயணத்தை. வங்கியும் சிம் கார்டும் சம்பந்தப்பட்ட சிக்கல் வேறு ரகம்.

எது கூட வரும், எது வராது?

ஆப்பிளின் 'மூவ் டூ ஐஓஎஸ்' செயலி 2015-லேயே வந்துவிட்டது. தொடர்புகள், எஸ்எம்எஸ், போட்டோ, வீடியோ, காலண்டர் எல்லாம் இதன் வழியாக ஐபோனுக்குப் போகும். எதிர்த் திசையில், ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு வர கூகுளின் செயலியும், சாம்சங்கின் 'ஸ்மார்ட் ஸ்விட்ச்' செயலியும் இருக்கின்றன.

இதில் ஒரு நல்ல செய்தி: இந்தப் பரிமாற்றத்துக்கு மொபைல் டேட்டா தேவையில்லை. ஐபோன் தானே ஒரு வைஃபை இணைப்பை உருவாக்கும். இரண்டு போன்களும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். 40 ஜிபி போட்டோ இருந்தாலும் டேட்டா செலவாகாது.

காசு கொடுத்து வாங்கிய ஆண்ட்ராய்டு செயலிகள் வராது. ஐபோனில் மறுபடியும் வாங்க வேண்டியதுதான். கூகுள் கணக்கில் சேமித்த நம்பர்கள், அதே கணக்கை ஐபோனில் சேர்த்தாலே வந்துவிடும். சிம்மிலோ, போன் நினைவகத்திலோ மட்டும் சேமித்தவைதான் வழியில் தொலைய வாய்ப்பு உண்டு.

வாட்ஸ்அப் சாட் என்ன ஆகும்?

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பின் பேக்கப் கூகுள் டிரைவில் இருக்கும். ஐபோன் வாட்ஸ்அப் தேடுவதோ ஐகிளவுடில். ஒன்றின் பேக்கப்பை இன்னொன்று படிக்காது. 'டிரைவ்ல பேக்கப் இருக்கே, பாத்துக்கலாம்' என்று பழைய போனை அழித்தால், பல வருட உரையாடல் கைவிட்டுப் போகும்.

2022 ஜூனில் இதற்கு ஒரு வழி வந்தது. 'மூவ் டூ ஐஓஎஸ்' மூலமாகவே வாட்ஸ்அப் சாட்டையும் அனுப்பலாம். நிபந்தனைகள் இரண்டு. ஐபோன் புத்தம்புதிதாகவோ, ரீசெட் செய்யப்பட்டோ இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே நம்பர் இருக்க வேண்டும். ஆரம்ப செட்டப்பை முடித்துவிட்டு யோசித்தால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இடவசதியும் ஒரு கணக்கு. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, ஐகிளவுட் தருவது 5 ஜிபி மட்டுமே. மாறிய சில வாரங்களில் 'ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது' என்ற அறிவிப்பு வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

யுபிஐ மட்டும் ஏன் இவ்வளவு படுத்துகிறது?

யுபிஐ நம்பரை மட்டும் நம்புவதில்லை. அந்த சிம், அந்த போனில்தான் இருக்கிறதா என்று பார்க்கிறது. அதற்காகத்தான் புது போனில் பதிவு செய்யும்போது, அந்த போனிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டியிருக்கிறது. ஆண்ட்ராய்டில் செயலியே அதை அனுப்பிவிடும். ஐபோனில் செயலிகள் தாமாக எஸ்எம்எஸ் அனுப்ப ஆப்பிள் விடுவதில்லை. தயாராக வந்து நிற்கும் மெசேஜை நாம்தான் தட்டி அனுப்ப வேண்டும். அதில் ஓர் எழுத்தை மாற்றினாலும் பதிவு நடக்காது.

இந்த இடத்தில் வைஃபை உதவாது. சிம்முக்கு சிக்னல் வேண்டும், எஸ்எம்எஸ் அனுப்பும் வசதி ரீசார்ஜில் இருக்க வேண்டும். இரண்டு சிம் இருந்தால், வங்கியில் பதிவான நம்பரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பதிவு முடிந்தாலும் முழு சுதந்திரம் உடனே கிடைக்காது. மோசடியைத் தடுக்க, புது போனில் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்தான் அனுப்ப முடியும். ஐபோன் என்றால் சில வங்கிகள் இதை 72 மணி நேரம் வரை நீட்டிக்கின்றன. ஊரில் கல்யாணமோ, ஆஸ்பத்திரிச் செலவோ இருந்தால் இந்த மூன்று நாள் பெரிய விஷயம்.

மலையில் கூடுதல் சிக்கல் என்ன?

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இருக்கிறது கல்வராயன் மலை. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட தனி வட்டம். மலையாளி பழங்குடியின மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி. வளைவுகளும் பள்ளத்தாக்குகளும் நிறைந்த மலையில், ஒரு டவரின் சிக்னல் அடுத்த சரிவைத் தாண்டாது.

இப்படிப்பட்ட கிராமங்களுக்காகத்தான் 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இணைப்பே இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுப்பது அதன் இலக்கு. பொறுப்பு பிஎஸ்என்எல்-லுக்கு. 2025 செப்டம்பர் 27-ல் பிஎஸ்என்எல்-லின் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி சேவை நாடு முழுக்கத் தொடங்கி வைக்கப்பட்டது.

இதில் போன் வாங்குவோர் கவனிக்க இரண்டு விஷயங்கள் உண்டு. பிஎஸ்என்எல் 4ஜி, 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் பயன்படுத்துகிறது. அது தூரம் போகும், மலைக்கு ஏற்றது. ஆனால், எல்லா மலிவு விலை போன்களும் அதைப் பிடிக்காது. கடையில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, பழைய சிம்மை 4ஜி சிம்மாக மாற்றுவது. சிம் மோசடிகளைத் தடுக்க, சிம் மாற்றிய 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் சேவையை நிறுத்திவைக்கும்படி 2022 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. சிம்மையும் போனையும் ஒரே நாளில் மாற்றினால், அன்றைக்கு யுபிஐ பதிவு நடக்காது. ஓடிபி-யும் வராது.

மாறவே முடியாதவர்களும் உண்டா?

உண்டு. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் வருகைப்பதிவை மொபைல் செயலியில் போட்டோவோடு ஏற்றுவது கட்டாயமானது. அங்கன்வாடி ஊழியர்கள் 2021 முதல் 'போஷன் டிராக்கர்' செயலியில் பதிவு செய்கிறார்கள். இந்த இரண்டுமே ஆண்ட்ராய்டு போனை மனதில் வைத்து உருவானவை. மலைக் கிராமத்தில் இந்த வேலையில் இருப்பவருக்கு எந்த இயங்குதளம் என்பது விருப்பம் சார்ந்ததே இல்லை.

விருப்பமே இல்லாமல் மாற வேண்டியவர்களும் இருக்கிறார்கள். 2017-ல் 1,500 ரூபாய் டெபாசிட்டில் வந்த ஜியோபோன், காய்ஓஎஸ் என்ற தளத்தில் இயங்கியது. அந்தத் தளத்துக்கான ஆதரவை 2025 தொடக்கத்தோடு முடித்துக்கொள்வதாக வாட்ஸ்அப் அறிவித்தது. போன் நல்லாத்தான் இருக்கும், வாட்ஸ்அப்தான் இருக்காது. ஸ்கூல் குரூப்பும், வெளியூர் வேலைக்குப் போன பிள்ளையின் வாய்ஸ் மெசேஜும் வேண்டும் என்றால் புது போன் வாங்கியாக வேண்டும்.

நம்பரை எடுத்துப் போகலாம், மற்றதை?

2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க நம்பரை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி இருக்கிறது. 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித் தொடங்கலாம். விதி செய்ததால் வந்த உரிமை அது. போனுக்குள் இருக்கும் சாட், போட்டோ, வாங்கிய செயலி ஆகியவற்றுக்கு இந்தியாவில் அப்படி ஒரு விதி இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச் முதல் பெரிய நிறுவனங்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கிய டிஜிட்டல் சந்தைச் சட்டம், பயனர் தன் தரவை எடுத்துப் போக வழிசெய்ய வேண்டும் என்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு தொடர்பாக கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அது போன் தயாரிப்பாளர்களுக்கான நிபந்தனைகள் பற்றிய வழக்கு. ஒரு தளத்திலிருந்து வெளியேறும் பயனரின் சிரமம் அதன் மையம் இல்லை.

இப்போதைக்கு, மாறுவதன் செலவை நாம்தான் சுமக்கிறோம். நகரத்தில் அது அரை நாள் எரிச்சல். சிக்னலுக்காக மேடு தேடி நடக்க வேண்டிய ஊரில், அது மூன்று நாள் கையில் காசில்லாத நிலை.

கிளம்புவதற்கு முன் செக்லிஸ்ட்

* போன் மாற்றும் வேலையை சிக்னல் உள்ள இடத்திலேயே முடியுங்கள். கடைசி வாய்ப்பு கள்ளக்குறிச்சி. ஐபோனை ஆக்டிவேட் செய்யவும் இணையம் வேண்டும்.
* சிம் மாற்றுவதாக இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். ஒரு நாள் கழித்து போனை மாற்றுங்கள்.
* சிம்மிலும் போனிலும் உள்ள நம்பர்களை கூகுள் கணக்குக்கு மாற்றுங்கள்.
* வாட்ஸ்அப்பை ஐபோனின் முதல் செட்டப்பின்போதே அனுப்புங்கள்.
* வங்கி, யுபிஐ செயலிகளில் பதிவு முடித்து, யாருக்காவது ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள்.
* முதல் மூன்று நாள் செலவுக்குக் கையில் ரொக்கம் வைத்திருங்கள்.
* முக்கியமாக, பழைய போனை ஒரு வாரமாவது அழிக்காதீர்கள். எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் கொடுப்பதாக இருந்தால், மேலே உள்ள எல்லாம் முடிந்த பிறகு கொடுங்கள்.