எது நமக்குச் சடங்கு?



தலைப்பைப் பார்த்ததும் சிலர் சிரிப்பீர்கள். மலரில் எழுத வேறு விஷயமே கிடைக்கலையா என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இது நம் எல்லார் வீட்டு விஷயம். பையன்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எனக்குப் பதிமூன்று வயதில் சடங்கு வைத்தார்கள். தெருவை அடைத்துப் பந்தல். வாழைமரம், மைக் செட், என் போட்டோ போட்ட ஃப்ளெக்ஸ். தாய்மாமன் மேளதாளத்தோடு சீர்வரிசை கொண்டுவந்தார். ஊரே சாப்பிட்டது. நான் மட்டும் பட்டுப்புடவையைச் சுமந்துகொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். கிளாஸ் பையன்கள் அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்துவிடக் கூடாதே என்பதுதான் அன்று என் ஒரே வேண்டுதல்!

ஒன்று கேட்கிறேன். அந்த விழாவுக்காக நான் என்ன சாதித்தேன்? ஒன்றுமில்லை. உடம்பு தன் வேலையைச் செய்தது, அவ்வளவுதான். ஆனால் அக்காவின் சடங்குக் கடனும் என் சடங்குக் கடனும் சேர்ந்து நின்ற நேரத்தில்தான் அக்கா பாலிடெக்னிக்கில் சேர்ந்தாள். முதல் வருஷ ஃபீஸுக்கு அம்மாவின் கம்மல் அடகுக்கடைக்குப் போனது. "அதான் மொய் வந்திருக்குமே" என்பீர்கள். மொய் என்ன வருமானமா? நோட்டுப் போட்டு எழுதி வைத்துத் திருப்பிச் செய்ய வேண்டிய கடன்தானே அதுவும்!

அக்கா மூன்று வருஷம், ஆறு செமஸ்டர் படித்தாள். முதல் வருஷ மேத்ஸ் பேப்பரை இரண்டாம் தடவை எழுதித்தான் பாஸ் பண்ணினாள். சால்டரிங் லேபில் விரலைச் சுட்டுக்கொண்டாள். கடைசி செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று, தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து வந்த அப்பாவிடம் மார்க்கைக் காட்டினாள். அப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "இதுக்கு என்ன செய்யணும்னு தெரியலையே, தாயி..."

நண்பர்களே, அந்த வார்த்தை என்னைச் சுட்டது. காதுகுத்துக்கு என்ன செய்யணும், சடங்குக்கு யார் முதலில் தண்ணீர் ஊற்றணும், எல்லாம் அப்பாவுக்கு அத்துப்படி. மகள் படித்து முடித்ததற்கு மட்டும் நம் ஊரில் வழக்கம் என்று ஒன்றுமே இல்லை! கடைசியில் கடலைமிட்டாய் வாங்கி வந்து வீடு வீடாகக் கொடுத்தார். "எம் மக டிப்ளமா முடிச்சிட்டா" என்று சொல்லும்போது குரல் கம்மியது. மிட்டாயை வாங்கிக்கொண்ட ஒரு பெரியம்மா கேட்டார்: "அப்போ அடுத்து கல்யாணச் சாப்பாடுதானே?"

இதுதான் சிக்கல். பத்தாவது முடித்த கையோடு பதினைந்து, பதினாறு வயதில் உள்ளே வருகிறோம். பதினெட்டு, பத்தொன்பதில் வெளியே போகிறோம். சட்டப்படி மைனராக வந்து மேஜராகப் போகிறோம். 21 ஆக இருந்த வாக்குரிமை வயது 1989-ல் 18 ஆனது. 1961-ம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி, 18 நிரம்பாதவருக்குக் கார்டியன்தான் ஒப்பந்தம் போட வேண்டும். 18 ஆகிவிட்டால் நம் கையெழுத்து போதும். பெண்ணுக்குக் கல்யாண வயதும் அதே 18. வோட்டு, கையெழுத்து, கல்யாணம் என்று மூன்று கதவு திறக்கிறது. பெண் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு மூன்றாவது மட்டும்தான் கண்ணில் படுகிறது!

பையன்கள் கதை வேறு. அவர்களுக்குச் சடங்கும் இல்லை, மிட்டாயும் இல்லை. பாஸானால் "சரி, எப்ப வேலைக்குப் போற?" அவ்வளவுதான். மகனைக் கட்டிப் பிடித்து "நல்லா படிச்சேடா" என்று சொல்ல எத்தனை அப்பாக்களுக்கு வாய் வருகிறது? ஆசை இல்லாமல் இல்லை. பழக்கம் இல்லை.

"டிப்ளமா என்ன அவ்வளவு பெரிய படிப்பா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதை வைத்து நேராக பி.இ. இரண்டாம் வருஷத்தில் சேரலாம். வேலைக்கும் போகலாம். அதைவிட, பல வீடுகளில் இதுதான் முதல் படிப்பு.

அதனால் என் கருத்து இது. நம் வீட்டு விழாவை இடம் மாற்றுவோம். வீட்டில் இன்னும் சடங்கு வைக்காத தங்கை இருந்தால், அந்தப் பணத்தை அவள் படிப்புக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் கோபப்படுவார்கள்தான். செய்த சீர் திரும்ப வராதே என்பார்கள். பொறுமையாகப் பேசுங்கள். பட்டயம் வாங்கும் நாளில் கடன் இல்லாமல் ஒரு பாயசம், நாலு சொந்தம் போதும். நம் மாணவர் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள்: பட்டயமளிப்பு விழாவில் பெற்றோரை மேடைக்கு அழையுங்கள். லுங்கியோடு வந்தாலும், கைநாட்டு வைப்பவரானாலும், அவர் கையால் நாம் பட்டயம் வாங்குவோம். அப்பா அம்மாவைக் காலேஜ் பக்கம் வரவிடாமல் ஒளித்து வைக்கிற பழக்கம் நம்மோடு ஒழியட்டும்.

கடைசியாக ஒன்று. அக்கா வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு சொந்தக்காரர் கல்யாணம் வந்தது. மொய் எழுதுகிற இடத்தில் அப்பா வழக்கம்போல் தன் பேரில் ஒரு தொகை எழுதினார். பிறகு அக்காவை முன்னால் நிறுத்தி, "இவ பேர்ல தனியா எழுதுங்க. பேருக்குப் பின்னால டி.இ.சி.இ.ன்னு போடுங்க" என்றார். கல்யாணமாகாத பெண் பேரில் மொய்யா என்று எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். அப்பா அசையவில்லை. எழுதினார்கள்.

அக்கா அன்று தலை குனியவில்லை. எங்கள் வீட்டில் அவள் பெரிய மனுஷியானது அன்றைக்குத்தான்.

அடுத்து என் முறை. உங்கள் முறையும்தான்!

— ஒரு மாணவி, மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை